வண்டி வந்த வழி

குளத்தூர்க்காரர்களுக்கு நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் பக்கத்து ஊர்கள். இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் உண்டு. திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே வண்டி ஏறுகிறார்கள்.

இந்த ரயில் பாட்டன் காலத்து ரயில் என்று நினைக்கிறீர்களா? இல்லை. 1979-க்கு முன் இங்கே தண்டவாளமே கிடையாது.

அன்று நம் ஊரார் சென்னைக்கு ரயிலில் போனது எப்படி?

முதலில் பஸ்ஸில் திருவனந்தபுரம் போக வேண்டும். அங்கே ரயில் ஏறினால் அது வடக்கே கொல்லம் போகும். பிறகு கிழக்கே திரும்பும். புனலூர் தாண்டி மலை ஏறும். குகைகளுக்குள் புகுந்து செங்கோட்டைக்கு வரும். பிறகு தென்காசி, மதுரை வழியாகச் சென்னை போகும்.

கொல்லம் - செங்கோட்டைப் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. 1918-இல் அது திருவனந்தபுரம் சாக்கை வரை நீண்டது. 1931-இல் தம்பானூருக்கு வந்தது.

அந்தப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர். 1976-இல் கொல்லம் - திருவனந்தபுரம் பாதையை அகலமாக்கினார்கள். மலைப் பாதை பழையபடியே இருந்தது. சிறிய பாதையின் வண்டி அகலப் பாதையில் ஓடாது. ஆகவே கொல்லத்தில் இறங்கி வண்டி மாற வேண்டியதாயிற்று.

1979-இல் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி அகலப் பாதை திறந்தது. நமக்கும் ரயில் வந்தது. 1981-இல் நாகர்கோவில் - திருநெல்வேலிப் பாதையும் சேர்ந்தது. இனி வடக்கே போய்ச் சுற்ற வேண்டாம். நமக்கு வழி குறுகியது.

மலைப் பாதை என்ன ஆயிற்று? அகலமாக்கும் வேலைக்காக 2010-இல் புனலூர் - செங்கோட்டை ரயில் நின்றது. மலையோர மக்கள் எட்டு ஆண்டுகள் பஸ்ஸையே நம்பினார்கள். 2018-இல் ரயில் திரும்பி வந்தது.

எல்லாப் பாதைகளும் இப்படித் திரும்பி வருவதில்லை. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடிப் பாதையை அழித்தது. அதன்பின் அந்த ஊருக்கு ரயில் ஓடவில்லை.

ரயில் பாதை வரும்; மாறும்; நின்றும் போகும். ஒரு நிலையத்தில் எவ்வளவு டிக்கெட் விற்கிறது என்று ரயில்வே கணக்குப் பார்க்கும். எந்த வண்டி அங்கே நிற்க வேண்டும் என்பதை அதையும் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஆகவே டிக்கெட் எடுத்தே பயணம் செய்வோம். வண்டி நின்று போனால் ஊர் கூடி மனு எழுதுவோம். இப்போது நமக்கு எழுதத் தெரியுமே!

யோசித்துப் பாருங்கள்:

1. கொல்லத்தில் ஏன் வண்டி மாற வேண்டி வந்தது?
2. 1979-க்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெளியூருக்கு எப்படிப் போனார்கள்? கேட்டு எழுதுங்கள்.