இடது பெடலுக்கு ஏன் தலைகீழ் மரை?

வீட்டிலேயே சைக்கிள் பெடலை மாற்றப் போகிறீர்களா? இரண்டு பெடல்களும் ஒரே திசையில் கழலாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வலது பெடல், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும். இடது பெடலை முள் செல்லும் திசையிலேயே திருப்ப வேண்டும். காரணம் என்ன? மிதிக்கும்போது பெடல் அச்சின் அழுத்தம் துளையைச் சுற்றி வருகிறது. அதனால் அச்சு, துளைக்குள் எதிர்த்திசையில் மிக மெல்ல உருளும். இடது பெடலுக்கும் வழக்கமான மரை இருந்தால், ஓட்ட ஓட்டத் தானே கழன்றுவிடும்.

பெரும்பாலான பெடல்களுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் பொருந்தும். பெடலுக்கும் கிராங்கிற்கும் நடுவே இடைவெளி குறுகலாக இருப்பதால், மெல்லிய வாயும் நீண்ட கைப்பிடியும் உள்ள ஸ்பேனரே ஏற்றது. 20 சென்டிமீட்டர் கைப்பிடிக்கு 200 நியூட்டன் விசை தேவையென்றால், 40 சென்டிமீட்டருக்கு 100 நியூட்டன் போதும்.

திசை குழம்பினால், ஸ்பேனரின் கைப்பிடி மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்தின் பக்கம் இழுங்கள். இரு பெடல்களும் அப்படித்தான் கழலும்.

புதிய பெடலில் 'எல்' என்றிருந்தால் இடது, 'ஆர்' என்றால் வலது. மரையில் கிரீஸ் பூசி, முதலில் கையால் திருகுங்கள். கோணலாகப் புகுந்ததை ஸ்பேனரால் முறுக்கினால் அலுமினிய கிராங்கின் மரை சிதைந்துவிடும். பிறகு கிராங்கையும் மாற்ற நேரிடும்.