கிராம் விலை தெரிந்தால் கூப்பன் விலை தெரியும்

நாம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காகக் கூப்பன் பிறக்கவில்லை. 1887-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஒரு கிளாஸ் கோகோ கோலா இலவசம் என்று சீட்டு அச்சிட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பானத்தை ஒருமுறைகூடக் குடித்திராதவரைக் கடைப்பக்கம் வரவழைக்க அந்தச் சீட்டு உதவியது. இன்று செல்பேசியில் வந்து விழும் ‘₹75 ஆஃப்’ கோடும் அதே வேலையைத்தான் செய்கிறது: வாங்காதவரை வாங்க வைக்கிறது, கொஞ்சம் வாங்குகிறவரை நிறைய வாங்க வைக்கிறது. இது தெரிந்தவர்கள் கையில் கூப்பன் நல்ல கருவி. தெரியாமல் இழக்கிற பணம் மாதச் சம்பளக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை அல்ல. அதனால்தான் மளிகைச் சலுகை பற்றி நம்மிடையே ஊறிப்போன சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“இன்னும் கொஞ்சம் சேர்த்தால் கூப்பன் கிடைக்கும், விடக்கூடாது”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் லிஸ்டில் இருப்பது ₹430-க்கு. கூப்பன் ₹599-க்கு மேல் வாங்கினால்தான் செல்லும். எனவே ₹170-க்குச் சிப்ஸ், நூடுல்ஸ், ஒரு குளிர்பானம் சேர்க்கிறீர்கள். பில் ₹600, தள்ளுபடி ₹75, கட்டுவது ₹525. திரையில் ‘நீங்கள் ₹75 சேமித்தீர்கள்’ என்று பூத்தூவும். வீட்டுக் கணக்கில் ₹95 கூடுதலாகப் போயிருக்கிறது.

அதே கூப்பன், அடுத்த வாரம் எப்படியும் வாங்கப்போகிற துவரம் பருப்பையும் துணி சோப்பையும் சேர்த்து ₹600 ஆகிறது என்றால், முழு ₹75-உம் உங்களுடையது. கூப்பன் ஒன்றுதான், லிஸ்ட்தான் வேறு. கெட்டுப்போகாத, மாதாமாதம் தீருகிற சாமான்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சத் தொகையை எட்ட வேண்டிய நேரத்தில் அந்தத் தாளிலிருந்து மட்டும் எடுங்கள். அதில் ஒன்றும் தேவைப்படவில்லை என்றால் கூப்பனை விட்டுவிடுங்கள்.

“எம்.ஆர்.பி.யில் 30 சதவீதம் குறைத்திருக்கிறார்கள், மலிவுதான்”

எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக்கூடாது என்கிற உச்சவரம்பு. அதை அச்சிடுபவர் தயாரிப்பாளரோ பாக்கெட் போடுபவரோதான். பருப்பு, அரிசி, முந்திரி மாதிரியான சாமான்களில் அந்த உச்சவரம்பைத் தாராளமாகவே போட்டுவிட்டு, அதிலிருந்து பெரிய தள்ளுபடி காட்டுவதைப் பார்க்கலாம். தெருமுனை அண்ணாச்சி அதே ரகப் பருப்பைத் தள்ளுபடி என்ற பேச்சே இல்லாமல் அதைவிடக் குறைவாக நிறுத்துக் கொடுப்பதும் உண்டு.

ஆகவே சதவீதத்தை ஒதுக்கிவிட்டு கிராம் விலையைப் பாருங்கள். இதற்கு இப்போது சட்டமே துணை நிற்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகளில் 2021 நவம்பரில் வந்த திருத்தம், பாக்கெட்டில் ஓர் அலகின் விலையையும் அச்சிடச் சொல்கிறது. 1 கிலோவுக்குக் குறைந்த பாக்கெட் என்றால் ஒரு கிராமின் விலை, 1 கிலோவுக்கு மேல் என்றால் ஒரு கிலோவின் விலை. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘யு.எஸ்.பி.’ என்று போட்டிருக்கும்.

அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. பிஸ்கட், டீத்தூள், எண்ணெய் போன்றவற்றை இந்தந்த அளவுகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்றிருந்த பழைய கட்டுப்பாடு போய்விட்டது. அதனால்தான் அலமாரியில் விதவிதமான எடைகள். ₹10 பிஸ்கட் பாக்கெட் ₹10-ஆகவே இருக்க, உள்ளே கிராம் குறைவதும் நடக்கிறது.

எண்ணெயில் இந்தக் குழப்பம் அதிகம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். ஒரு பாக்கெட் 1 லிட்டர் ₹150, பக்கத்தில் இருப்பது 850 கிராம் ₹144 என்று வைத்துக்கொள்வோம். கைக்கு இரண்டும் ஒரே பருமன். இரண்டாவது ₹6 குறைவாகத் தெரியும். கிலோவுக்குப் பார்த்தால் முதலாவது சுமார் ₹165, இரண்டாவது ₹169. லிட்டர் கணக்கில் ஒன்றும் கிராம் கணக்கில் இன்னொன்றும் இருப்பதால் அச்சிட்ட அலகு விலையை மட்டும் வைத்து இங்கே ஒப்பிட முடியாது. 910-ஆல் வகுத்துத்தான் தீர வேண்டும். செல்பேசியில் கால்குலேட்டர் இருக்கிறது. கடையில் நின்று தட்டிப் பார்ப்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம்.

இந்தக் கிராம் விலையை உங்கள் வீட்டில் அதிகம் தீரும் பத்துச் சாமான்களுக்கு ஒரு நோட்டில் குறித்து வைத்தால், எந்தக் கூப்பனைப் பார்த்தாலும் அது நல்லதா இல்லையா என்று சட்டென்று தெரிந்துவிடும்.

“பெரிய பாக்கெட்டும் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமும் எப்போதும் லாபம்”

காலாவதித் தேதியைப் பார்த்தபிறகு சொல்லுங்கள். ரவையில் வண்டு விழுந்தால், மிளகாய்த்தூளில் வாசம் போனால், அந்த இலவசம் குப்பைக்குத்தான் போகும்.

“தள்ளுபடி கொடுத்தார்கள், வரியை நாம்தானே கட்ட வேண்டும்”

எம்.ஆர்.பி.க்குள் எல்லா வரிகளும் அடக்கம். துணிக்கடைத் தள்ளுபடி வழக்கு ஒன்றில் 2017-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் இதைத் தெளிவாகச் சொன்னது: எம்.ஆர்.பி.யிலிருந்து தள்ளுபடி என்று விளம்பரம் செய்துவிட்டு, குறைத்த விலையின்மேல் வரியைத் தனியாகச் சேர்ப்பது முறையற்ற வணிகம். மளிகைக்கும் அதே நியாயம்தான்.

“ரேஷன் கடைக்கெல்லாம் யார் போய் நிற்பது”

இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ ₹30, பாமாயில் லிட்டர் ₹25. எந்தச் செயலியும் இந்த விலைக்குக் கூப்பன் தராது. பருப்பும் எண்ணெயும் பெறத் தகுதியான கார்டை அலமாரியில் வைத்துக்கொண்டு, ₹20 கேஷ்பேக்குக்காக அரை மணி நேரம் செல்பேசியைத் தடவுவது எந்தக் கணக்கிலும் சேராது. காய்கறிக்கு 1999-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இருக்கின்றன. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போட்டு விவசாயிகளே விற்கிறார்கள்.

“வாட்ஸ்அப்பில் வந்த இலவச மளிகைக் கூப்பன், லிங்கைத் தட்டிப் பார்க்கலாமே”

வேண்டாம். நமக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் எண்ணைப் போடத் தேவையே இல்லை. போடச் சொன்னால் அது திருட்டு. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

“கூப்பன் போட்டாயிற்று, பில் சரியாகத்தான் இருக்கும்”

பணம் கட்டும் முன் கடைசித் திரையை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். டெலிவரி, ஹேண்ட்லிங், மழைநேரக் கட்டணம் என்று சேர்ந்து கூப்பன் தொகையை விழுங்கியிருக்கலாம். கேட்காமலே கூடையில் ஒரு பொருளோ நன்கொடையோ ஏறியிருக்கலாம். இப்படித் திருட்டுத்தனமாகச் சேர்ப்பது, விலையைக் குறைத்துக் காட்டிக் கடைசியில் ஏற்றுவது, ‘இன்னும் 5 நிமிடம்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது உட்பட 13 ஏமாற்று உத்திகளை மத்திய அரசு 2023 நவம்பரில் தடைசெய்திருக்கிறது. அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம். தொகை ₹12-ஆக இருந்தாலும் கொடுங்கள். அந்த ₹12 அன்றைக்கு எத்தனையோ வீட்டு பில்களில் ஏறியிருக்கும்.