மண்ணுள் மழைக்குக் காத்திருக்கும் வேர்ப்புழு

மேட்டூரை அடுத்த மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர்ப் பக்கத்துப் புன்செய்களில் நிலக்கடலை பயிரிடும் குடியானவர்கள் அறிந்த காட்சி ஒன்றுண்டு. விதைத்து ஒன்றரை மாதம் சென்றபின், பசுமையாய் நின்ற காட்டில் திட்டுத் திட்டாய்ச் செடிகள் வாடும். மழை போதவில்லையென்றே முதலில் எண்ணுவார்கள். வாடிய செடியைப் பிடித்து இழுத்தால் தடையின்றிக் கையோடு வந்துவிடும், வேர் இராது. அடிமண்ணைக் கிளறினால் பழுப்புத் தலையும் வெண்ணிற உடலும் கொண்ட புழுவொன்று பிறைபோல் வளைந்து கிடக்கும். அவ்வேளையில் செய்யத்தக்கது சொற்பமே. செடி போயிற்று, விதைக்கும் உழவுக்கும் சங்கத்தில் வாங்கிய கடன் நிற்கிறது.

எருவோடு வந்த புழு என்று பலர் சொல்லக் கேட்கிறோம். எருக்குழியில் காணும் பருத்த புழு பெரும்பாலும் தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டின் புழுவாகும். கடலை வேரைத் தின்பதோ ஹோலோட்ரைக்கியா என்னும் பழுப்பு வண்டின் புழு. உருவம் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றென எண்ணி, எருவைப் பழிப்பது தவறு. வேர்ப்புழுவின் தாய் வண்டு பெரும்பாலும் அவ்வூர் நிலத்துக்குள்ளேயே சென்ற ஆண்டு முதல் இருந்து வந்ததாகும்.

சித்திரை, வைகாசியில் நல்ல கோடைமழை பெய்து மண் இளகியவுடன், அந்தி மயங்கும் வேளையில் வண்டுகள் மண்ணைப் பிளந்து வெளியேறுகின்றன. வேம்பு, வேல், இலந்தை, முருங்கை ஆகிய மரங்களை அடைந்து இலையைத் தின்று, இணை சேர்ந்து, விடியுமுன் மீண்டும் மண்ணுள் புகுந்துவிடுகின்றன. பகலில் மரத்தடியில் தேடுவோர் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாமைக்குக் காரணம் இதுவே. ஈரமண்ணில் இட்ட முட்டைகள் ஏறக்குறைய 10 நாட்களில் பொரிக்கும். இளம் புழு முதலில் மக்கிய பொருள்களையும் மெல்லிய வேர்களையும் தின்று, வளர்ந்தபின் ஆணிவேரையே கடித்துவிடும். இரண்டு மூன்று மாதங்களுக்குப்பின் மண்ணால் கூடு அமைத்துக் கூட்டுப்புழுவாகி, பின்னர் வண்டாகிறது.

இனிக் கூறுவதே முக்கியமாய்க் கவனிக்கத்தக்கது. வண்டாகியும் அது வெளிவருவதில்லை. அடுத்த கோடைமழை வரையில் பல மாதங்கள் ஆகாரமின்றி, அசைவின்றி மண்ணுள் கிடக்கிறது. நம் சேலம் சீமையின் வெயிலில் மேல்மண் கால் வைக்கக் கூடாதபடி கொதித்தாலும், ஆழத்தில் வெப்பம் அவ்வளவு ஏறுவதில்லை. சிறிது ஈரமும் தங்குகிறது. அங்கே இறங்கி வறட்சியைக் கழிக்கிறது இப்பூச்சி. ஐரோப்பாவில் இதன் இனத்தைச் சேர்ந்த மெலலாந்தா என்னும் வண்டு, குளிரின் காரணமாய் வளர்ச்சி தாமதித்து, மூன்று நான்கு ஆண்டுகள் மண்ணில் கழிக்கிறது. நம் நாட்டுப் புழு ஓராண்டிலேயே தன் காரியத்தை முடித்துக்கொள்கிறது. செங்கம்பளிப்புழுவும் இவ்வழியே, ஆனால் அது கூட்டுப்புழு நிலையில் வரப்போரத்திலும் மரநிழல் மண்ணிலும் உறங்கி, மழைக்குப்பின் அந்துப்பூச்சியாய் எழும்பிப் பல நூறு முட்டையிடும்.

மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் முடிவுற்றது. கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் 1955 முதல் ஒரு பகுதிக்குப் பாசனம் அளிக்கின்றன. கால்வாய் எட்டாத மானாவாரிக் காட்டிலோ குடியானவரும் பூச்சியும் ஒரே வானத்தைப் பார்த்திருக்கிறார்கள். மழை பிந்தினால் விதைப்பும் பிந்தும், வண்டும் பிந்தும். ஆதலின் தேதி வைத்து இதைப் பிடிக்க முடியாது. மழை இரு தவணையாய்ப் பெய்தால் வண்டும் இரு தவணையாய் வரக்கூடும். ஒரு நாள் வேட்டையோடு நின்றால் பயனில்லை.

கோடையுழவு இன்றியமையாதது. கலப்பை புரட்டிய மண்ணில் காகமும் மைனாவும் கொக்கும் பின்தொடர்ந்து பொறுக்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவை கேட்கும் கூலி ஒன்றுமில்லை. புழுவைக் கொல்லும் பச்சைப் பூஞ்சையும் உண்டு. ருஷிய விஞ்ஞானி மெட்ச்னிக்காஃப் 1879-இல் தானியப் பயிரைக் கெடுத்த ஒரு வண்டினத்தில் இதைக் கண்டு ஆராய்ந்தார். மெட்டாரைசியம் என்னும் பெயரால் இன்று விற்கப்படும் இது, ஈரமுள்ள மண்ணில் மக்கிய எருவோடு கலந்து இட்டாலன்றி வேலை செய்யாது. வாடிய செடியைக் கண்டபின் இடுவோர் ஏமாற்றமடைவர்.

எல்லாவற்றினும் மலிவானது வண்டைப் பிடித்தலே. மழை பெய்த அன்று மாலை விளக்கோடு சென்று, கிளைகளை உலுக்கி, விழுந்தவற்றை மண்ணெண்ணெய் கலந்த நீரில் இடவேண்டும். ஆனால் ஒருவர் தம் வேம்பை மட்டும் உலுக்கினால், அடுத்த காட்டு மரத்து வண்டு இவர் நிலத்தில் முட்டையிடும். இது கருதியே 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாகாணப் பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டம், அறிவிக்கப்பட்ட பூச்சியை ஒழிக்கும் கடமையை அவ்வட்டாரத்து நிலம் அனுபவிப்போர் எல்லோர்மேலும் சுமத்தியது. செய்யாதவர் நிலத்தில் அதிகாரிகளே வேலையை முடித்துச் செலவை வசூலிக்கவும் இடமிருந்தது.

சங்கத்து அங்கத்தினர் கூடிச் செய்வதானால் சட்டத்தின் துணை வேண்டுவதில்லை. பங்குனியிலேயே ஊரிலுள்ள வேம்பு, வேல மரங்களை எண்ணி, தெருவுக்குத் தெரு பங்கிட்டு வைத்துக்கொள்ளலாம். உரிமையாளர் இல்லாத புறம்போக்கு மரங்களே வழக்கமாய் விடுபட்டுப் போகின்றன. அவற்றை முதலில் எழுதிக்கொள்வது நலம்.