பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

கேள்வி: வழக்கறிஞர் ஐயா, பெடாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் திருமணத்துக்கு முன் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவளுக்கு ஐந்து. மூத்தவனுக்குத் திக்குவாய் உண்டு. பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்ததில், பள்ளி என்றாலே காலையில் வாந்தி எடுக்கும் அளவுக்குப் பயந்துவிட்டான். அதனால் முதலாம் ஆண்டில் சேர்க்காமல், பள்ளித் தவணை தொடங்கியதிலிருந்து நானே வீட்டில் தமிழ், மலாய், ஆங்கிலம், கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். இப்போது அப்பா கொண்டுவரும் எடைச் சீட்டுகளைத் தானே வாசித்து, டன் கணக்கைக் கூட்டிச் சொல்கிறான். ஆனால் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் ஜெயில் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். உண்மையா? முறைப்படி அனுமதி வாங்க முடியுமா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கக் கேட்கிறார்கள், கட்டணமும் தருவதாகச் சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா? நாளைக்கு இவன் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வை எழுத முடியுமா?
– ஒரு தாய், பெடாஸ், நெகிரி செம்பிலான்

பதில்: அம்மா, நீங்கள் எதற்காக இந்த முடிவை எடுத்தீர்கள் என்பது நன்றாகப் புரிகிறது. உங்கள் மகன் எடைச் சீட்டைக் கூட்டிச் சொல்கிறான் என்று படித்தபோது மகிழ்ந்தேன். ஆனாலும் சட்டத்தை மென்று விழுங்கிச் சொல்வது உங்களுக்கு நன்மை ஆகாது. இன்றைய நிலையில் நீங்களும் உங்கள் கணவரும் கல்விச் சட்டத்தை மீறிய நிலையில் இருக்கிறீர்கள். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. உடனே செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 29ஏ என்ற பிரிவு 2002-இல் சேர்க்கப்பட்டது. 2003 ஜனவரி முதல் தொடக்கக் கல்வி கட்டாயமானது. மலேசியாவில் வசிக்கும் குடியுரிமை பெற்ற ஒவ்வொரு பெற்றோரும், ஜனவரி 1-ஆம் தேதி ஆறு வயது நிறைந்த பிள்ளையை அந்தப் பள்ளி ஆண்டிலேயே தொடக்கப்பள்ளியில் சேர்க்க வேண்டும். ஆறு ஆண்டுக் கல்வி முடியும்வரை பிள்ளை அங்கே மாணவராக இருக்க வேண்டும். உதாரணமாக, 2018-இல் பிறந்த பிள்ளை 2025-இல் முதலாம் ஆண்டில் இருந்திருக்க வேண்டும்.

மீறினால் 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதம், ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறை, அல்லது இரண்டும். அக்கம்பக்கத்தார் சொன்னதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. அதற்காக நாளைக் காலையே போலீஸ் வாசலில் நிற்கும் என்று பயப்பட வேண்டாம். பொதுவாக முதலில் வருவது பள்ளியிலிருந்தோ மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்தோ ஒரு விசாரிப்புதான். அது வருவதற்கு முன் நீங்களே போய் நிற்பது நல்லது.

“நான்தான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிறேனே” என்று கேட்பீர்கள். பல பெற்றோர் என்னிடம் வைக்கும் வாதமும் இதுதான். பிள்ளை நன்றாகப் படிக்கிறதா என்று 29ஏ பிரிவு கேட்கவில்லை. தொடக்கப்பள்ளியில் மாணவராகப் பதிந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறது. அதே சட்டம் பள்ளி என்பதற்கு விளக்கமும் தருகிறது: பத்துப் பேரோ அதற்கு மேலோ வழக்கமாகக் கற்பிக்கப்படும் இடம். ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து படிக்கும் வீடு அந்த விளக்கத்துக்குள் வராது. ஆகவே உங்கள் வீட்டையே பள்ளி என்று வாதாட இடமில்லை.

இன்னொரு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் விருப்பத்தை ஒட்டியே பிள்ளைகளுக்குக் கல்வி தரப்பட வேண்டும் என்ற பொதுக் கொள்கையைக் கல்விச் சட்டத்தின் முகவுரை ஏற்கிறது. ஆனால் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பொருந்தும் அளவுக்கு மட்டும் என்ற வரம்பும் அங்கேயே இருக்கிறது. முகவுரையை மட்டும் நம்பி நீதிமன்றப் படி ஏறுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்?

தோட்டத்து மக்களுக்கு இதன் காரணம் தெரியும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. கடமை துரைமார் தலையில் இருந்தது. பள்ளி என்று ஒரு கொட்டகை இருந்தும், எத்தனையோ பிள்ளைகள் பாதியில் நின்று பால்மரக் காட்டுக்கு வாளி தூக்கப் போனார்கள். பிள்ளை படிப்பை இழக்கக் கூடாது என்பதற்காகத்தான் 2003-இல் பெற்றோரைப் பொறுப்பாளியாக்கினார்கள். அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். வீட்டில் அக்கறையாகக் கற்பிக்கும் தாய்க்குத் தெளிவான பாதை இந்தச் சட்டத்தில் வகுக்கப்படவில்லை என்பது அதன் குறை. சிங்கப்பூரிலும் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம்தான். அங்கே வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்தப் பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ.-இல் குறிப்பிட்ட தரத்தை எட்டியாக வேண்டும். பெற்றோருக்குத் தங்கள் கடமை எது என்று முன்கூட்டியே தெரிகிறது. நம் நாட்டுக்கும் அப்படியொரு தெளிவு வேண்டும்.

அனுமதி வாங்க முடியுமா?

29ஏ பிரிவிலேயே கதவு ஒன்று இருக்கிறது. மாணவரின் நலன் அல்லது பொதுநலன் கருதி, கல்வி அமைச்சர் ஒரு மாணவருக்கோ ஒரு வகை மாணவர்களுக்கோ விலக்கு அளிக்கலாம். நிபந்தனை விதித்தும் அளிக்கலாம். இது அமைச்சரின் விருப்புரிமை. கேட்டால் கொடுத்தே தீர வேண்டிய உரிமை அல்ல. உடல்நலக் காரணத்தை மருத்துவர் அறிக்கையோடு காட்டும் விண்ணப்பத்துக்கு வாய்ப்பு அதிகம். எங்களுக்கு வீட்டுக்கல்விதான் பிடிக்கும் என்று மட்டும் எழுதினால் வாய்ப்பு குறைவு.

உங்கள் மகனுக்குச் சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் அது இன்னும் தாளில் ஏறவில்லை. அரசாங்க கிளினிக்கில் காட்டி, பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் அனுப்பக் கடிதம் வாங்குங்கள். காலையில் வாந்தி எடுத்ததையும் மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு ரெம்பாவ் மாவட்டக் கல்வி இலாகாவில் விலக்கு விண்ணப்பம் கொடுங்கள். பிறப்புப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை நகல்கள், மருத்துவ அறிக்கை, நீங்கள் கற்பிக்கும் பாடத் திட்டம், கால அட்டவணை, பாலர் பள்ளியில் வேலை செய்ததற்கான சான்று எல்லாவற்றையும் இணையுங்கள். ஒரு நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் “சரிங்க அம்மா, பார்ப்போம்” என்று யாராவது சொன்னால் அதை அனுமதி என்று நினைத்துவிடாதீர்கள்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டாலே விலக்கு கிடைத்ததாக ஆகாது. பதில் வரும்வரை சேர்க்கைக் கடமை அப்படியே இருக்கிறது. ஆகவே பையன் பெயரை இப்போதே பள்ளியில் பதியுங்கள். தவணை தொடங்கிவிட்டதால் தலைமையாசிரியரையும் மாவட்டக் கல்வி இலாகாவையும் நேரில் பார்க்க வேண்டியிருக்கும். அவன் திக்குவாயைப் பற்றி முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், கேலி நடந்தால் உடனே தெரிவியுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. ஒரு பள்ளி ஒத்துவரவில்லை என்றால் வேறு பள்ளிக்கு மாற்றக் கேட்கலாம். பெயர் பள்ளியில் இருப்பதால் மாலையில் நீங்கள் கற்பிப்பது நின்றுவிடாது. அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இளையவளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்து வயதில் நீங்கள் வீட்டில் கற்பிப்பது 29ஏ பிரிவுக்குள் வராது. முதலாம் ஆண்டுச் சேர்க்கை வயது பற்றிய கல்வி அமைச்சின் அறிவிப்புகளை மட்டும் தவறாமல் கவனித்து வாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்

பள்ளி நேரத்தில் அவர்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கும் பள்ளி வயது என்றால் அந்தப் பெற்றோரும் இதே குற்றத்தில் மாட்டுவார்கள். நீங்களோ இன்னொரு சிக்கலில் விழுவீர்கள். ஒழுங்காக வகுப்பு அமைத்துக் கட்டணம் வாங்கிக் கற்பித்தால், அது பதிவு செய்யப்படாத தனியார் கல்வி நிலையமா என்ற கேள்வி எழும். பதிவில்லாமல் நடத்துவது கல்விச் சட்டப்படி தனிக் குற்றம். ‘பள்ளி’ என்பதற்குப் பத்துப் பேர் கணக்கு உண்டு, ‘கல்வி நிலையம்’ என்பதற்கு அந்த எண்ணிக்கை சொல்லப்படவில்லை. மூன்று பேர்தானே என்று துணிய வேண்டாம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளக் கேட்டால் இன்னும் கவனம் தேவை. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் அத்தகைய குழந்தைகள் நால்வரோ அதற்கு மேலோ ஆகிவிட்டால், 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிய வேண்டும்.

எஸ்.பி.எம். எழுத முடியுமா?

முடியும். தனித்தேர்வராகப் பதிந்து எழுதும் வழி இருக்கிறது. மலாய்மொழியும் சரித்திரமும் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலர் பிரிட்டிஷ் பாடத்திட்டத்தின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வை எழுதுகிறார்கள், ஆனால் செலவு அதிகம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தையும் அரசாங்க வேலையையும் மனத்தில் வைத்தால் எஸ்.பி.எம். பாதையை இப்போதே அடைத்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டது, மூன்றாம் படிவ பி.டி.3 2022-இல் போனது. ஆகவே எஸ்.பி.எம். வரை உங்கள் பிள்ளை என்ன கற்றான் என்று காட்ட அந்தத் தேர்வுகள் இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு ஆசிரியரின் மதிப்பீட்டுப் பதிவு இருக்கும். வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் வைத்திருக்கும் ஏடுதான் சாட்சி. ஒரு தடித்த நோட்டில் தேதி போட்டு, அன்று நடத்திய பாடம், அவன் எழுதிய பக்கம், எங்கே தடுமாறினான், அடுத்த முறை எப்படிச் சரிசெய்தான் என்று எழுதி வையுங்கள். அவன் கூட்டிய எடைச் சீட்டையும் அதே பக்கத்தில் ஒட்டுங்கள். விலக்குக் கேட்கும்போதும், பிறகு பள்ளிக்குத் திரும்பும்போதும் அந்த நோட்டு உங்களுக்குக் கைகொடுக்கும்.

2025 ஜூலையில் மக்களவை நிறைவேற்றிய கல்விச் சட்டத் திருத்தம் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்குகிறது. ஆறாம் ஆண்டோடு இந்தக் கடமை தீர்ந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டைகள், மின்கட்டண ரசீது ஆகியவற்றோடு பள்ளியிலும் ரெம்பாவ் மாவட்டக் கல்வி இலாகாவிலும் சேர்க்கைக்குப் பதியுங்கள்.

2. கிளினிக்கில் பையனைக் காட்டிப் பேச்சுப் பயிற்சிக்கான பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள்.

3. மருத்துவ அறிக்கை கிடைத்ததும் விலக்கு விண்ணப்பத்தைக் கொடுத்து, முத்திரை குத்திய நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

4. நீதிமன்ற சம்மன் வந்தால் தனியாகப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் சிரம்பானில் உள்ள சட்ட உதவி இலாகாவையோ தேசிய சட்ட உதவி அறவாரியத்தையோ நாடுங்கள்.

இந்த ஆண்டில் நீங்கள் உங்கள் மகனுக்குக் கொடுத்த தைரியம் பெரியது அம்மா. அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பும் சேர வேண்டும். விலக்குக் கடிதம் கையில் கிடைத்தால் நிம்மதியாக வீட்டில் கற்பியுங்கள். கிடைக்காவிட்டால், திக்கினாலும் கேலிக்குப் பயப்படாமல் பேச அவனைப் பழக்கி, அவனோடு பள்ளி வாசல்வரை நீங்களே நடந்து போங்கள்.