பை கனத்தால் வேலை நடக்குமா?

மதுரையிலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் வருகிறவர்களில் பலருக்கு முதுகுப்பைதான் அலுவலகம். தணிக்கைக்குப் போகிறவர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்போ வடிவமைப்போ செய்து கொடுப்பவர் என எல்லோரும் அதில் அடக்கம். அந்தப் பையில் எதை வைக்கலாம் என்று கடைக்காரரும் நண்பரும் யூடியூபும் சொல்வதில் பாதி, ரயில் நகர்ந்த பிறகு உதவுவதில்லை. அதை நம்பிப் பணம் போட்டவர்தான் மறுநாள் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த நம்பிக்கைகளைச் சற்று விரிவாகப் பார்க்க நினைத்தேன்.

“20,000 பவர் பேங்க் இருக்கிறது, லேப்டாப்புக்கு ரெண்டு நாள் தாங்கும்.”

பெட்டியில் அச்சிட்டிருக்கும் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. லேப்டாப்போடு ஒப்பிட வேண்டுமானால் வாட்-மணியில் பார்க்க வேண்டும். 20 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. மின்னழுத்தத்தை மாற்றும்போது வெப்பமாகப் போவதைக் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 60. மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றின் பேட்டரி 50 முதல் 60 வாட்-மணி வரை இருக்கும். ஆக, ஒரு தடவை நிறையும், அவ்வளவுதான். அதற்கும் பவர் பேங்க் ‘பவர் டெலிவரி’ முறையில் 45 வாட்டாவது வெளியே தர வேண்டும். 18 வாட், 22.5 வாட் என்று எழுதியிருந்தால் அது போனுக்கானது. லேப்டாப்பில் செருகினால் பெரும்பாலும் ஏறாது; ஏறினாலும் நீங்கள் வேலை செய்யும் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பவர் பேங்க் வாங்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கும் இதே வாட்-மணிக் கணக்குதான். 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம்; அது சுமார் 27,000 மில்லி ஆம்பியர்-மணி. 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கவுன்டரில் கொடுத்து அனுப்பும் பெட்டிக்குள் பவர் பேங்க்கை வைக்கவே கூடாது. லித்தியம் செல் தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் இருக்கிறார்கள், சரக்கு அறையில் இல்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்த பிறகு கெடுபிடி கூடியது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே தடை. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிங்கப்பூர் போய்வருகிற நம்மவர்கள், எந்த விமானத்தில் போகிறோமோ அந்த நிறுவனத்தின் விதியைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

“ரயிலில்தான் பிளக் இருக்கிறதே.”

இருக்கிறது, ஆனால் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை மின்சாரம் வராமல் போகலாம். தீ விபத்துக்கு அஞ்சி, அந்த நேரத்தில் சார்ஜிங் இணைப்புகளை நிறுத்திவைக்கச் சொல்லும் அறிவுறுத்தல் ரயில்வேயில் உண்டு. 2021-ல் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது பலருக்கும் தெரியவந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரையை விட்டுக் கிளம்புவதே இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. படுக்கையை விரித்து, டிக்கெட் பரிசோதகர் வந்துபோய், பக்கத்து சீட்டுக்காரர் தன் போனை எடுத்து இடம் விடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். காலையில் எழும்பூரில் இறங்கி நேராகக் கூட்டத்துக்குப் போகிறவர் வீட்டிலேயே முழுவதும் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

“டைப்-சி கேபிள் எல்லாம் ஒன்றுதான்.”

முனைதான் ஒன்று. சாதாரண சி-சி கேபிள் 3 ஆம்பியரைத் தாங்கும், அதாவது 60 வாட் வரை. அதற்கு மேல் இழுக்கும் லேப்டாப்புக்கு, உள்ளே அடையாளச் சில்லு பதித்த 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். போனோடு வந்த கேபிள் சிலவற்றில் தரவுப் பரிமாற்றம் மிக மெதுவாக நடக்கும். மானிட்டரில் செருகினால் படமே வராது. ஒரே நல்ல கேபிள், 65 வாட் சார்ஜர் ஒன்று. போனுக்கும் லேப்டாப்புக்கும் அதுவே போதும், தனித்தனி சார்ஜர் சுமக்க வேண்டாம். பையில் நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான்.

“எல்லாம் கிளவுடில் இருக்கிறது, எங்கிருந்தும் திறக்கலாம்.”

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இந்த நம்பிக்கை. ரயில் ஊரை விட்டு விலகி ஓடும்போது சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். மூடிய ஏசி பெட்டியில் இன்னும் பலவீனம். ஒன்டிரைவில் கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பு உங்கள் லேப்டாப்பில் இல்லை என்று பொருள், பெயர் மட்டும்தான் தெரிகிறது. பச்சை டிக் இருந்தால்தான் இணையம் இல்லாமலும் திறக்கும். கூகுள் டாக்ஸிலும் ஆஃப்லைன் வசதியை, இணைப்பு இருக்கும்போதே முன்கூட்டி இயக்கிவைக்க வேண்டும். நடுவழியில் நினைவு வந்து பயனில்லை. கிளம்பும் முன் வீட்டு வைஃபையை அணைத்து, மறுநாளைக்குத் தேவையான கோப்பு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். திறக்காதது எதுவோ அதுதான் பையில் இல்லாத பொருள். இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது, ஐந்து நிமிடம் போதும். பைக்குள் இன்னொரு கருவியை வாங்கிப் போடுவதைவிட இதற்கே என் ஓட்டு.

“பொது வைஃபையில் சேர்ந்தாலே கடவுச்சொல் போய்விடும்.”

முன்பு அப்படித்தான். இப்போது பெரும்பாலான தளங்கள் தகவலை மறையாக்கியே அனுப்புகின்றன. வேறு மாதிரியான வலைகளுக்குத்தான் இன்று பயப்பட வேண்டும். நிலையத்தின் பெயரிலேயே இயங்கும் போலி இணைப்பு, மின்னஞ்சல் கடவுச்சொல் கேட்கும் உள்நுழைவுப் பக்கம், பிரவுசர் சிவப்பில் எச்சரித்தும் தட்டித் தாண்டுவது ஆகியவைதான் ஆபத்து. இதைவிடவும் அதிகமாக ரகசியம் கசிவது எதிர் சீட்டுக்காரரின் காதில். வாடிக்கையாளரின் பெயரையும் தொகையையும் உரக்கச் சொல்லிப் போன் பேசுகிறோம். அதற்கு எந்த மென்பொருளும் காவல் இல்லை.

இன்னும் சில சின்ன நம்பிக்கைகள். பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது தேவையில்லை, வெப்பம்தான் அதற்குப் பகை. மழையில் நனைந்த போனை அரிசியில் புதைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2024-ல் எச்சரித்தது. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ பை தூறலைத் தாங்கும். ஐப்பசி அடைமழையில் ஜிப் வழியாகத் தண்ணீர் இறங்கும், ஆகவே லேப்டாப்புக்குத் தனியாக ஒரு கெட்டி பிளாஸ்டிக் உறை வேண்டும்.

“டிஜிலாக்கர் இருக்கும்போது அட்டை எதற்கு?”

2018 முதல் ரயிலில் டிஜிலாக்கரின் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் அடையாளமாகச் செல்லும். ஆனால் அவை ‘வழங்கப்பட்ட ஆவணங்கள்’ பகுதியில் இருக்க வேண்டும். நீங்களே படம் எடுத்துப் பதிவேற்றியது செல்லாது. போன் அணைந்துவிட்டால் இரண்டுமே இல்லை. பையின் உள் ஜிப்பில் அட்டை ஒன்று இருக்கட்டும். எடையே இல்லாத பொருள் அது.