புயல் நஷ்டமும் அடங்கல் பதிவும்

2024-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த பெஞ்சல் புயலினால் விழுப்புரம் ஜில்லாவுக்கு நேர்ந்த சேதம் குடியானவர்கள் எளிதில் மறக்கக்கூடியதன்று. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. டிசம்பர் 2-ந் தேதி சாத்தனூர் அணையினின்று விநாடிக்கு 1,68,000 கன அடி வீதம் நீர் திறந்துவிடப்படவே, தென்பெண்ணைக் கரையிலுள்ள நிலங்களும் முழுகின.

மறுநாள் அரசாங்கத்தார் நிவாரணத் தொகையை அறிவித்தார்கள். பயிர் 33 சதவிகிதமோ அதற்கு மேலோ சேதமாகியிருந்தால், நெல் முதலிய இறவைப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாயும், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாயும் என்பது அவ்வறிவிப்பு. நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 6,880 ரூபாய் ஆகிறது. நடவு, களையெடுப்பு, உரம் ஆகிய செலவுகளுக்கு இது போதாதென்று எந்தக் குடியானவரும் சொல்லுவார். ஆயினும் இத்தொகை நஷ்டஈடு அன்று. மறுபடியும் சாகுபடி செய்வதற்கான இடுபொருள் உதவி என்றே பேரிடர் நிவாரண நிதியின் விதிகள் இதனைக் கூறுகின்றன.

இவ்வுதவி நிலத்துக்கு அல்லாமல், நிலத்தில் நின்ற பயிருக்கே அளிக்கப்படுகிறது. பட்டா நிலம் யாருடையது என்பதைக் காட்டுமேயன்றி, அதில் என்ன விளைந்தது என்பதைக் காட்டாது. அதைக் காட்டுவது அடங்கல். கர்ணம் உத்தியோகம் 1980-இல் எடுபட்டுவிட்டபோதிலும், அவர் எழுதிவந்த அடங்கல் எடுபடவில்லை. கிராம நிர்வாக அலுவலரின் இரண்டாம் நம்பர் கணக்காக இன்றும் இருந்து வருகிறது. வருவாய்த் துறையாரும் வேளாண்மைத் துறையாரும் கூடி வயலைப் பார்வையிடும்பொழுது, சர்வே எண், பயிர், பரப்பு, பாசன ஆதாரம் ஆகியவற்றை இக்கணக்கோடுதான் ஒத்துப் பார்க்கிறார்கள். கிணற்றுப் பாசனத்தில் பயிரான மணிலா கணக்கில் மானாவாரி என்று எழுதப்பட்டிருந்தால், உதவி சரிபாதியாகக் குறைந்துபோகும். ஆகையால் விதைத்த மாதத்திலேயே பதிவைப் பார்த்துக்கொள்வது அவசியம். புயலுக்குப் பின் திருத்தம் கேட்பவரை எவரும் சந்தேகத்துடனேயே நோக்குவர்.

குத்தகை நிலங்களில் சிக்கல் இதனினும் பெரிது. வாய்மொழிக் குத்தகையில் செலவு செய்தவர் ஒருவர், கணக்கில் உள்ள பெயர் வேறொருவருடையது. பணம் பட்டாதாரரின் வங்கிக் கணக்கில் போய் விழுவதற்கு இடமுண்டு. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென 1969-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தும், பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்றஞ்சி நிலச்சுவான்தார்கள் பலர் பின்வாங்குகிறார்கள். அவ்வச்சம் எவ்வாறாயினும், பயிரை இழந்தவருக்கு உரிய பணத்தைப் பயிரிடாதவர் வைத்துக்கொள்வது நியாயமாகாது. பார்வையிட வரும் அலுவலரிடம் சாகுபடியாளரின் பெயரைத் தாமே சொல்லி எழுதச் செய்வது நிலம் உடையவரின் கடமை.

காலஞ்சென்ற தகப்பனார் பெயரிலேயே பட்டா இருந்துவருவதும், கூட்டுப் பட்டாவில் பங்கு பிரிக்கப்படாமலிருப்பதும் பணம் வருவதைத் தாமதப்படுத்தும்.

பயிர்க் காப்பீடு வேறு, இது வேறு. காப்பீட்டில் நெல்லுக்குப் பெரும்பாலும் அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி மகசூலைக் கொண்டே இழப்பீடு கணக்கிடப்படுவதால், ஒருவர் வயல் முற்றிலும் அழிந்தும் பகுதி பிழைத்துக்கொண்டால் அவருக்கு ஒன்றும் கிடைக்காமற் போகலாம். நிவாரணத்திலோ அவரவர் வயலின் சேதமே கணக்கு. எனவே, நீர் வடிந்ததும் அழுகிய பயிரை அவசரப்பட்டு மடக்கி உழுதுவிடாமல், பார்வை முடியும்வரை ஒரு மூலையிலேனும் விட்டு வைக்க வேண்டும். வரப்பில் நின்று நாள் தெரியும்படி புகைப்படம் எடுத்து வைப்பதும் நன்று.