தகடு தெரிந்தவள் பார்க்க வேண்டிய சிற்பங்கள்

அன்புள்ள தமிழரசிக்கு,

கலைக் கண்காட்சிக்குப் போனால் பாதி புரிவதில்லை, சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தைப் படித்தால் புரிந்த பாதியும் போய்விடுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த விளக்கங்களை எழுதுகிறவர்களுக்கே... சரி, விடு. ஆனால் "அம்பத்தூர்க்காரிக்கு இதெல்லாம் எட்டாது மாமா" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சென்னையின் நவீன சிற்பம் என்று வந்தால், தொழிற்பேட்டையில் அப்பாவின் ஷீட் மெட்டல் பட்டறையில் வளர்ந்த உனக்கு மற்றவர்களைவிட ஒரு கண் கூடுதல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்குப் போய் வா. உனக்கு அது ஊரின் மறுகோடி. ரயிலில் சென்ட்ரல் வந்து, பஸ் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்குவதற்குள் அரை நாள் போய்விடும். போகட்டும். எழும்பூர் கலைக்கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் உருவாக்கிய ஓவியர் கிராமம் அது. படம் விற்றுப் பிழைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். பாத்திக் துணி, உலோகக் கைவினைப் பொருள்கள் என்று செய்து விற்ற காசில்தான் காலூன்றினார்கள். 'மெட்ராஸ் இயக்கம்' என்று இன்று பெரிய பேராகச் சொல்கிறோமே, அந்தத் தலைமுறையின் வேலைகளை அங்கே ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

போகிற வழியில் மெரினாவில் இறங்கி உழைப்பாளர் சிலையை ஒரு சுற்று சுற்றிப் பார். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் வைத்தார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் தசை முறுக்கேறித் தெரியும். அதைப் பார்த்த கண்ணோடு உலோகச் சிற்பங்களுக்கு வா. பி.வி. ஜானகிராமின் வேலை கண்ணில் பட்டால் நகராதே. செப்புத் தகட்டைத் தட்டிப் புடைக்கவைத்து முகமாக்கியிருப்பார். மேலே கம்பிகளையும் பட்டைகளையும் பற்றவைத்துக் கண், மாலை, ஆபரணம் என்று வளர்த்திருப்பார். பின்னால் போய்ப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. அது குறை இல்லை. கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை யாராவது பின்பக்கம் போய்ப் பார்க்கிறார்களா? சுற்றிவந்து பார்க்கும் ஐரோப்பியப் பழக்கத்தை விட்டு, எதிரே நின்று பார்க்கும் நம் பழக்கத்துக்குச் சிற்பத்தை இவரைப் போன்றவர்கள் திருப்பினார்கள். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து அந்த வழியில்தான் நெடுந்தூரம் போனார்.

இனி உன் கண்ணுக்கு வேலை. தகட்டின் ஓரத்தைக் கவனி: மெஷினில் வெட்டியதா, கத்தரியால் கையால் வெட்டியதா? செம்பில் சூடு ஏறிய இடத்தில் நிறம் மாறியிருக்கிறதா? பற்றவைத்த தழும்பைப் பார். உன் அப்பா அதை கிரைண்டர் போட்டு, பஃப் அடித்து, இருந்த இடம் தெரியாமல் ஆக்குவார். தழும்பு தெரிந்தால் பார்ட்டி மாலைத் திருப்பி அனுப்பிவிடுவான். இங்கே ஒருவர் அதை அப்படியே விட்டிருந்தால், ஏன் விட்டார்? அந்தக் கேள்வியோடு ஐந்து நிமிடம் நின்றாலே போதும், சுவரில் ஒட்டிய விளக்கம் தேவைப்படாது. 'இதன் பொருள் என்ன' என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். முதலிலேயே அதைக் கேட்பதால்தான் பாதிப் பேர் மிரண்டு வெளியே வருகிறார்கள்.

பட்டறைக்கும் கலைக்கும் உறவு கொண்டாடுகிறேன் என்று நினைக்காதே, உறவு ஏற்கெனவே உண்டு. எழும்பூர்க் கல்லூரியே அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. வெகுகாலம் கைத்தொழில் கற்றுத்தரும் இடமாகத்தான் அது இருந்தது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் 1898இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்து பார்த்ததும் அங்கேதான். சமையற்கட்டில் நாம் உருட்டுகிற அலுமினியச் சட்டிக்கு ஓவியப் பள்ளியில் ஒரு பூர்வீகம் இருக்கிறது! அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது 1964இல். இரண்டே வருடத்தில் சோழமண்டலம். ஊரின் ஒரு கோடியில் தகடு சைக்கிள் பாகமாகிக்கொண்டிருந்த காலத்தில்தான் மறுகோடியில் அது சிற்பமாகியிருக்கிறது.

இன்றைய கண்காட்சிகளுக்கும் இதே பார்வை செல்லும். 2016இல் தொடங்கிய சென்னை புகைப்பட பியனாலே மறுபடி நடக்கும்போது போ. படம் எந்தத் தாளில், எந்த அளவில் அச்சாகியிருக்கிறது என்பதில் ஆரம்பி. கண்ணகி நகரின் சுவரோவியங்களையும் பார். ஆனால் சுவரை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பாதே. அங்கே குடியிருப்பவர்கள் நகரத்தின் எந்தெந்த இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று அவர்களிடமே கேள்.

சோழமண்டலத்துக்கு மட்டும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. முணுமுணுப்பார், வரட்டும். ஜானகிராமின் சிற்பத்தைக் காட்டி, இதே போல ஒன்று செய்ய எத்தனை கிலோ செம்பு, எவ்வளவு கூலி என்று கேள். சொன்ன கணக்கை எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா